ஐரின் கழற்றிய கம்பிகள்

உட்காருங்கள் தம்பி. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விடுகதை.

பசை போட்டு ஒட்டவில்லை, ஆணி வைத்து அடிக்கவில்லை, ஆனாலும் நிற்பான். ஆறு பேர் மேலே ஏறி அழுத்தினால் அசையாமல் நிற்பான். ஆறு பேரும் இறங்கிவிட்டால் பொத்தென்று விழுவான். அவன் யார்?

யோசியுங்கள். அவசரம் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே ரயில் ஏறி வந்திருக்கிறீர்கள். ஒரு டம்ளர் காபி ஆறும் வரைக்குமாவது இருப்பீர்கள் அல்லவா?

கட்டிலா? கட்டிலில் ஆறு பேர் ஏறினால் கட்டில் நிற்குமா? உடைந்து போகும். குடையும் இல்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன். இதோ, பெட்டியைத் திறக்கிறேன். கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்பு மரத்துண்டு நிற்கிறதே, அதுதான். பிரிட்ஜ். சாதாரண கிட்டாரில் அதைப் பலகையோடு ஒட்டியிருப்பார்கள். இதில் ஒட்டுவதில்லை. ஆறு கம்பியும் மேலே அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. கம்பியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வாசிக்கிறவர்.

விடுகதை என்னுடையது இல்லை. என் மகள் ஐரின் போட்டது. பத்து வயது. இந்தக் கிட்டார் வீட்டுக்கு வந்த வாரமே போட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறாள். ஒருத்தருக்கும் விடை தெரியவில்லையாம். அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இல்லை, இப்போது வீட்டில் இல்லை. அம்பத்தூரில் அவள் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். வந்துவிடுவாள்.

ஏன் விற்கிறீர்கள் என்று போனிலேயே கேட்டீர்கள். நேரில் சொல்கிறேன் என்றேன். விஷயம் இதுதான். என் மனைவி லிடியாவுக்கு பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை கிளம்புகிறாள். ஐரினையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறாள். அதற்குள் இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். போய்விட்டால் ஐரின் என்னோடு இருந்துவிடுவாள். அதற்காகத்தான் விற்கிறேன். வேறு காரணம் இல்லை. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை.

தட்டிப் பாருங்கள். மெதுவாக. இந்த முன்பலகை வளைத்து ஒட்டியது இல்லை தம்பி. தடிமனான மரத்தை எடுத்து, உள்ளேயும் வெளியேயும் குடைந்து குடைந்து, இப்படி வயிறு மாதிரி மேடாக்கியிருக்கிறார்கள். வயலின் செய்கிற முறை. அதனால்தான் வயலின் மாதிரியே இரண்டு பக்கமும் துளை. கிட்டாருக்கு ஸ்பீக்கர் வைக்காத காலத்தில் பத்துப் பேர் ஊதுகிற பேண்டுக்கு நடுவில் கேட்க வேண்டும் என்று செய்த கிட்டார். சென்னையில் இப்படி எத்தனை இருக்கும்? நான் பார்த்தது இது ஒன்றுதான்.

பார்த்தது எங்கே என்று கேட்கிறீர்களா? பெரம்பூரில். டாரதி ஆன்ட்டி வீட்டில். அவர் வீட்டுக்காரர் ஹரால்டு ரயில்வேயில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை ஆனால் நடனத்துக்கு வாசிப்பார். அவர் இறந்து, பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவில் இருக்க, ஆன்ட்டியும் அங்கே போகிறார், சாமான்களை விற்கிறார் என்று நோயல் சொன்னான். நோயல் எங்கள் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது.

நான் போனபோது ஆன்ட்டி கிட்டாரைக் காட்டவே இல்லை. முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"என்னா மேன், நீ இதை வாசிப்பியா, இல்ல சுவத்துல மாட்டுவியா? மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் ஃபோட்டோ எடுத்தாங்க. ஒருத்தனும் மடியில வைக்கல."

நான் மடியில் வைத்தேன். ஒரு பாட்டு வாசித்தேன். ஆன்ட்டி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். முடித்த பிறகும் திரும்பவில்லை. அப்புறம் விலை சொன்னார். விலை நியாயமானதுதான், ஆனால் எனக்கு எட்டாது. நான் ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்கிறவன். கல்யாண சீசனில் கொஞ்சம் கூட வரும். லிடியா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதை நான் மறைப்பதில்லை.

"வீட்ல யாரு வாசிப்பா?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"என் பொண்ணு வாசிப்பா ஆன்ட்டி. அவளுக்காகத்தான் வாங்கறேன்."

"பொண்ணா? எவ்ளோ பெருசு?"

"பத்து வயசு. பேரு ஐரின்."

ஆன்ட்டி உடனே இளகிவிட்டார். "ஹரால்டுக்கு ரொம்ப ஆசை மேன், சின்னப் பசங்க யாராவது இதைத் தொடணும்னு" என்று சொல்லி, விலையைப் பாதி அளவுக்கு இறக்கிவிட்டார்.

அப்போது ஐரின் கிட்டார் வாசித்தாளா என்றா கேட்கிறீர்கள்? இல்லை, அப்போது இல்லை. தொட்டதே இல்லை. ஆனால் நான் சொன்னது பொய் இல்லை தம்பி. வாசிக்கப் போகிறாள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். எல்லாமே அவளுக்காகத்தானே. நான் போன பிறகு இது யாருக்கு?

அந்தப் பாதி விலைக்கும் என் கையில் பணம் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் ஒரு கீபோர்டு இருந்தது. ஐரின் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் அவளுடைய ஞானத்தாய் கொடுத்தது. பிளாஸ்டிக் சாமான். சத்தம் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். ஐரின் அதில் கோயில் பாட்டு வாசிப்பாள். முதலில் இரண்டு விரல், அப்புறம் எட்டு விரல். கட்டைவிரல் மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் சிரிப்பேன். கொளத்தூரில் ஒரு வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல வாத்தியம் போதும் தம்பி. நாலு மட்டமான சாமான் எதற்கு?

ஐரின் அழவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவளேதான் ஈரத்துணியால் துடைத்து, ஒயரைச் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தாள். வாத்தியாருடைய மகளுக்கு, "இந்தப் பட்டன் சில நேரம் வேலை செய்யாது, ரெண்டு தடவை அமுக்கணும்" என்று சொல்லியும் கொடுத்தாள். மனசில் வருத்தம் இருந்தால் ஒரு பிள்ளை இப்படிச் செய்யுமா? லிடியாவிடம் இதைச் சொன்னால், "உங்களுக்கு அழுதாத்தான் தெரியுமா?" என்கிறாள். அழாவிட்டால் எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

காபி குடியுங்கள். சர்க்கரை போதுமா?

அப்புறம் ஐரினுக்குப் பாடம் ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம், நான் ஹோட்டலுக்குக் கிளம்புவதற்கு முன்னால். இந்தக் கம்பிகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா, வழவழவென்று, மேலே தட்டையான தகடு சுற்றியது. மற்றக் கம்பிகளைவிடத் தடிமன். அழுத்தினால் விரலில் பள்ளம் விழும். ஐரின் கிட்டாரை மடியில் வைத்தால் அவள் தலை மட்டும்தான் மேலே தெரியும். அழுத்துவாள். கம்பி "டொக்" என்னும். மறுபடி அழுத்துவாள். மறுபடி "டொக்".

"இது என் கைக்குப் பெருசுப்பா" என்றாள் ஒருநாள்.

"கை வளரும்" என்றேன்.

"வளர்ற வரைக்கும் என்ன பண்றது?"

"அழுத்தறதுதான்."

பொறுமையாகத்தான் சொன்னேன். கோபப்படவில்லை. ஆனால் அவளுக்கு நாட்டம் இல்லை. அது எனக்குப் புரிந்துவிட்டது. வாசிப்பதைவிடக் கிட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதில்தான் அவளுக்கு ஆசை. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "உள்ள யாரோ பென்சில்ல கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா" என்பாள். பிரிட்ஜ் ஏன் ஒட்டவில்லை, தள்ளினால் நகருமா, நகர்ந்தால் என்ன ஆகும் என்று ஓயாத கேள்வி. விடுகதை போட்டது அப்போதுதான். நான் ஒன்றிரண்டுக்குப் பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எப்போது வாசிப்பது?

கம்பிகளுக்கு அடியில் தூசி படியும் தம்பி. விரல் போகாத இடம். "என்றைக்காவது எல்லாவற்றையும் கழற்றித் துடைக்க வேண்டும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். சொல்வது வழக்கம், செய்ததில்லை. இந்த மாதிரிக் கிட்டாரில் அப்படிச் செய்யக் கூடாது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கம்பியைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும். அது நின்ற இடம் தெரியாமல் போய்விடும். ஒரு நூல் அளவு தள்ளி வைத்தாலும் போச்சு. கீழே வாசிக்கும்போது சரியாக இருக்கிற மாதிரி இருக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு ஸ்வரமும் பொய் சொல்லும்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை அது. அன்று சாயங்காலம் ஹோட்டலில் வெளியூர்ப் பாடகி ஒருத்தர் பாட வந்திருந்தார். அதுவரைக்கும் நான் இந்தக் கிட்டாரை வெளியே கொண்டு போனதே இல்லை. அன்றுதான் முதல் தடவை. பேண்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். மத்தியானம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வர நேரமாகிவிட்டது.

கதவைத் திறந்தால், இதோ இந்த இடத்தில்தான், தரையில் போர்வை விரித்திருக்கிறது. அதன்மேல் தலையணை. தலையணைமேல் கிட்டார். ஒரு கம்பி இல்லை. ஆறு கம்பியும் முறுக்கு மாதிரி சுருட்டி, எவர்சில்வர் தட்டில், பெரிதிலிருந்து சின்னது வரைக்கும் வரிசையாக. பிரிட்ஜ் தனியாக ஒரு கைக்குட்டையில். ஐரின் என் பழைய பனியன் துணியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, உள்ள வராதீங்க! கண்ணை மூடுங்க. இன்னும் முடியல" என்றாள்.

கிட்ட போய்ப் பார்த்தால், இந்த வார்னிஷ்மேல், எண்பது வருஷத்து வார்னிஷ் தம்பி, அதன்மேல் நீல நிறத்தில் டேப்புத் துண்டு! விரல் நகம் அளவுக்கு நாலு துண்டு. நாலு மூலைக்கு நாலு, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. நல்லவேளை, பசை அதிகம் இல்லாத டேப்பு, வார்னிஷ் பிழைத்தது. ஒவ்வொன்றாக உரித்துக் கசக்கி எறிந்தேன்.

"அப்பா, அது…" என்றாள்.

"பேசாதே" என்றேன்.

லிடியா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அது எதுக்குன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நாலு நாளா என் போன்ல இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. எப்படிக் கழட்டணும், எப்படி மாட்டணும்னு."

"போன்ல பாத்தா கத்துக்கறது? முப்பது வருஷம் ஆச்சு எனக்கு. நடுவுல பேசாத" என்றேன். கீழே நோயல் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். கம்பியைப் பிடித்து மாட்டினேன். பிரிட்ஜைக் கண்ணாலேயே அளந்து வைத்தேன். சுருதி சேர்த்தேன். பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

என்ன தம்பி? டேப்பா? அடையாளத்துக்கு ஒட்டியிருப்பாளா?

பிரிட்ஜ் நின்ற இடத்தைச் சுற்றி ஒட்டிவிட்டு, அப்புறம் கம்பியைக் கழற்றியிருப்பாளா? நீங்களும் அப்படித்தான் செய்வீர்களா?

நீங்கள் செய்வீர்கள். நீங்கள் பெரியவர். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த யோசனையெல்லாம் எப்படி வரும்? விளையாட்டுக்கு ஒட்டியிருப்பாள். பிள்ளைகளுக்கு டேப்பு கிடைத்தால் எங்காவது ஒட்டத்தானே செய்யும்? அப்படியே அடையாளம் என்றாலும் வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே. யார் தடுத்தது?

சரி, அதை விடுங்கள்.

அன்று சாயங்காலம் என் மானம் போயிற்று. முதல் பாட்டு மெதுவான பாட்டு, தப்பித்துவிட்டேன். இரண்டாவது பாட்டில் நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம். மேலே போனேன். ஒரு ஸ்வரம்கூட அதன் இடத்தில் இல்லை. பாடகி திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முள்கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார். நோயல் கிட்ட வந்து, பல்லைக் காட்டிக்கொண்டே காதில் சொல்கிறான்: "டேமியா, இன்னைக்கு எந்த ஊரு சுருதியில வாசிக்கிற? சொன்னா நாங்களும் அங்க வந்துருவோம்ல."

அவனுக்கு எல்லாம் வேடிக்கை. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிற பையன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். பூசைக்குப் போகும் முன்பே பிரிட்ஜைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டேன். பத்து நிமிஷ வேலை. அன்றிலிருந்து இன்றுவரைக்கும் ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நீங்களே வாசித்துப் பாருங்கள். மேலே போங்கள். இன்னும் மேலே. கேட்டீர்களா? தேன்.

நல்ல கை தம்பி உங்களுக்கு.

ஐரினை நான் அடிக்கவில்லை. இதை எல்லாரிடமும் சொல்கிறேன். எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். பிறந்த நாளிலிருந்து அவள்மேல் என் கை பட்டதில்லை. திட்டவும் இல்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. என் அப்பாவும் அப்படித்தான். தூத்துக்குடியில் அவர் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். நான் என்ன, வீட்டை விட்டா ஓடிவிட்டேன்?

சோறு, பள்ளிக்கூடம், ஜுரத்துக்கு மருந்து, எதிலும் குறை வைக்கவில்லை. "அவளைத் தண்ணி குடிக்கச் சொல்லு", "அவளைப் படுக்கச் சொல்லு" என்று லிடியாவிடம் சொல்லிவிடுவேன். ஐரின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். கேட்கும். செய்துவிடுவாள். நான் வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நிற்பாள். நான் நிமிர்ந்து பார்க்காவிட்டால் போய்விடுவாள். போன பிறகு குடித்துவிடுவேன். குடிக்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன? காலி டம்ளரை எடுத்துப் போவது அவள்தானே.

முன்னெல்லாம் வீட்டுக்குள் ஏதாவது முனகிக்கொண்டே திரிவாள். பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. அதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. நான் அதை நல்ல மாற்றம் என்று நினைத்தேன். பெரிய பெண்ணாகிறாள், பொறுப்பு வருகிறது என்று.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் லிடியா சண்டை போட்டாள். "ஊர்ல எல்லாரும் தவக்காலத்துக்குக் கறி மீனை விட்டாங்க. நீங்க பெத்த புள்ளைகிட்ட பேசறத விட்டுட்டீங்க. எந்தச் சாமி கேட்டுச்சு இதை?"

"ஈஸ்டருக்குப் பேசறேன்" என்றேன். அதற்குள் என் கோபம் ஆறித்தான் இருந்தது. ஆனால் நடுவில் திடீரென்று எப்படி ஆரம்பிப்பது? ஒரு நல்ல நாள் வேண்டாமா? ஈஸ்டர் நல்ல நாள்.

ஈஸ்டர் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஐரின் வெள்ளை கவுனில் நின்றாள். லிடியா தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஹேப்பி ஈஸ்டர் கண்ணு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஐரின் என்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "அம்மா, அப்பாவுக்கு ஹேப்பி ஈஸ்டர்னு சொல்லிடுங்க" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை தம்பி. குத்திக் காட்டவும் இல்லை. அப்படி என்றால் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் அப்பாவிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சாதாரணமாகச் சொன்னாள். லிடியா சீப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதிப் பின்னலோடுதான் ஐரின் கோயிலுக்கு வந்தாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இரண்டு பேரும் அம்பத்தூருக்குப் போனார்கள். லீவுக்குத்தான் என்று நினைத்தேன். லீவு முடிந்தது, வரவில்லை. அப்புறம்தான் பெங்களூர் வேலை பற்றிச் சொல்கிறாள். எல்லாம் அவள் அக்கா வேலை. எனக்குத் தெரியும். ஒரு கிட்டாருக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? இதைக் கேட்டால், "கிட்டாருக்காகன்னு யாரு சொன்னா?" என்கிறாள். வேறு எதற்காக என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். கிட்டார் வருவதற்கு முன்னால் வீடு நன்றாக இருந்தது. வந்த பிறகுதான் இவ்வளவும். அப்படியானால் கிட்டார் போய்விட்டால் சரியாகிவிடும் அல்லவா? கொளத்தூர் வாத்தியாரிடம் போய்ப் பழைய கீபோர்டைத் திருப்பிக் கேட்டேன். "எம் பொண்ணு அதுலதான் சார் கத்துக்கிட்டிருக்கா, எப்படிக் குடுக்கறது?" என்றார். அதுவும் நியாயம்தான். பரவாயில்லை. இதை விற்ற கையோடு புதிதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கடையில் பார்த்தும் வைத்திருக்கிறேன். பழையதைப் போல இரண்டு மடங்கு நீளம். அவளைக் கேட்டேனா? கேட்க என்ன தம்பி இருக்கிறது? பெரியது கிடைத்தால் பிள்ளை வேண்டாம் என்றா சொல்லும்?

அதனால்தான் சொல்கிறேன், இன்றே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நீங்கள் போனில் சொன்ன விலையே போதும். ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்கவில்லை. நாளைக்கே கீபோர்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூரில் இறக்கிவிடுவேன். "பார் கண்ணு, வித்துட்டேன்" என்பேன். சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எழுந்திருக்கிறீர்களே? பெட்டியை ஏன் மூடுகிறீர்கள்? பெட்டி கிட்டாரோடு சேர்த்துத்தான். தனி விலை இல்லை.

ஐரினிடம் சொல்லிவிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? சொல்லாமல் இருப்பேனா? போன ஞாயிறே சொன்னேன். இரண்டாவது பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எங்களைக் கோயில் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "புள்ளைக்கு விவரம் தெரியற வயசு, இங்கயே படிக்கறதா, பெங்களூருக்குப் போறதான்னு அவளே சொல்லட்டும், ரெண்டு பேரும் அதுக்குக் கட்டுப்படுங்க" என்றார். லிடியா சரி என்றாள். நானும் சரி என்றேன். எனக்குப் பயமே இல்லை. பள்ளிக்கூடம் இங்கே, சிநேகிதிகள் இங்கே, கோயில் பாட்டுக் குழு இங்கே. எல்லாம் என் பக்கம்தான் இருந்தது.

நான்தான் முதலில் பேசினேன். "கண்ணு, அப்பா கிட்டாரை வித்துடறேன். உனக்குப் பெரிய கீபோர்டு வாங்கித் தரேன். இங்கயே இருந்துடு" என்றேன். நேராக அவளிடமே சொன்னேன். லிடியா வழியாகச் சொல்லவில்லை.

ஐரின் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

சாமியார், "சொல்லும்மா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்து, "நிஜமாவாப்பா? பேசாம இருக்க மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"இருக்க மாட்டேன்" என்றேன்.

"நீங்க கிட்டாரை விக்க வேண்டாம். நான் அம்மாகூடப் போறேன்" என்றாள்.